வியர்த்த துப்பாக்கி

டெல்பர்ட்டுக்கு என் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. எங்கள் ஊர்ச் சுடும் சங்கத்துக்கு அவன்தான் தலைவன். ஏரி உறைந்து இறுகியதும் அதன்மேல் இரும்புத் தட்டுகளை வரிசையாக நிறுத்திச் சுடுவோம். குளிர்காலம் முழுக்க எங்களுக்கு அதுதான் திருவிழா. மற்றவர்கள் எல்லாரும் நீளக் குழல் வைத்த ரைஃபிளோடு வருவார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து, தள்ளி, அப்புறம் சுடுவார்கள். என்னுடையது மட்டும் குட்டைக் குழல், தானியங்கி. ஒரு தோட்டா வெடித்தால் அந்த உதையே போல்ட்டைப் பின்னால் தள்ளும். வெற்றுக் கூடு வெளியே தெறிக்கும். அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். ஏறிக்கொள்ள வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் ஏறவில்லை என்பதுதான் என் தலைவலி.

குட்டைக் குழல் எனக்கு ஒன்றும் சொகுசு இல்லை. விறகு பிளக்கும் இயந்திரம் என் இடது கையைக் கடித்ததில் மிஞ்சியது இரண்டு விரலும் திரும்பாத ஒரு மணிக்கட்டும். போல்ட் இழுக்கிற ரைஃபிள் எனக்கு இனி ஆகாது. நீளக் குழலைத் தாங்கவும் அந்தக் கைக்குத் தெம்பில்லை. அதனால் அரசாங்கத்தில் பதிந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, இந்தக் குட்டையை வாங்கினேன். இதன் முன்பக்கத்தை இடது முன்கைமேல் படுக்க வைத்தால் பூனைக்குட்டி மாதிரி அடங்கிக் கிடக்கும். வாங்கிய அந்தக் கோடையில் சங்கத்தில் என்னை வென்றவர் யாரும் இல்லை. சைமி சுட்டால் தட்டு விழும் என்று ஏரிக்கரையெல்லாம் பேசினார்கள். பேசட்டும், உண்மைதானே.

பனி விழத் தொடங்கியதும் வந்தது வம்பு. பயிற்சிக்குப் போவேன், முதல் தோட்டா வெடிக்கும், இரண்டாவதில் போல்ட் பாதி வழியில் நின்று வெற்றுக் கூட்டைக் கவ்விக்கொள்ளும். சில நாள் முதல் தோட்டாவே வெடிக்காது. வெறும் டிக் சத்தம்தான். துப்பாக்கியை அக்குளில் இடுக்கி, வலக்கையால் போல்ட்டை இழுத்துக் கூட்டைத் தட்டி எடுப்பதற்குள் மற்றவர்கள் சுட்டு முடித்துக் காப்பி குடிக்கப் போய்விடுவார்கள்.

புதன்கிழமைப் பயிற்சியில் மூன்று முறை நின்றது. டெல்பர்ட் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினான்.

"சைமி, உன்னோட இந்தப் பொம்மைக்காக நாங்க எத்தன நேரம் குளிர்ல நிக்கிறது?"

"உன் மூக்கு ஒழுகுறதுக்கும் என் துப்பாக்கிதான் காரணமா?"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

"சனிக்கிழம பக்கத்து ஊர்க்காரங்களோட போட்டி. அன்னிக்கி ஒரே ஒரு தடவ நின்னாலும் உன்ன அணியில இருந்து எடுத்துடுவேன். இந்த சீசனுக்கு அவ்வளவுதான். லவெர்னோட உக்காந்து புள்ளி எழுது, காப்பி ஊத்திக் குடு. அதுக்கு ஒரு கை போதும்."

லவெர்ன் எங்கள் சங்கத்தில் புள்ளி குறிக்கிறவள். நல்ல பெண். அவள் தலைகுனிந்துகொண்டாள். எனக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கை போதுமாம். அதுவும் எல்லார் காதும் கேட்கச் சொன்னான். பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

வீட்டில் சமையல் மேசைமேல் துப்பாக்கியைப் பிரித்துப் போட்டேன். என் கணவர் உர்ஹோ எதிரில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தார். பஞ்சாயத்தின் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். இரும்பைப் பற்றி எனக்கு ஈடாகப் பேசக்கூடியவர், ஆனால் என்னைவிடக் குறைவாகப் பேசுகிறவர்.

"எண்ணெய் தேன் மாதிரி கெட்டியா இருக்கு பார்" என்றேன். "கோடையில போட்டது. குளிர்ல போல்ட் இதுல நீந்தித்தான் போகணும்."

"தொடச்சுடலாம்."

துடைத்தோம். கடைசிச் சொட்டு வரை எடுத்து, உலர்ந்த கிராஃபைட் பொடியை மட்டும் தடவினோம். அடுத்து தோட்டா. கோடையில் நான் பயன்படுத்தியது மெதுவாகப் போகிற, சத்தம் குறைந்த வகை. நீளக் குழலில் அது போதும். குட்டைக் குழலில் குண்டு சட்டென்று வெளியே போய்விடும், போல்ட்டை உதைக்கப் பலம் மிஞ்சாது. போதாததற்குக் குளிரில் வெடிமருந்து சோம்பேறியாகிவிடும். வேகமான வகைக்கு மாறினேன். பெட்டியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துச் சூடாக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சுட்டேன். சைபருக்குக் கீழே எட்டு டிகிரி. சுப்பீரியர் ஏரியிலிருந்து வந்த காற்று கண்ணீரை இமையிலேயே உறைய வைத்தது. தோட்டா அடுக்கிய மேகஸின் மேல் மேகஸினாகச் சுட்டேன். ஒருமுறைகூட நடுவில் நிற்கவில்லை; மேகஸின் காலியானால் மட்டும், வழக்கம்போல, போல்ட் திறந்தபடி நின்றது. வெற்றுக் கூடுகள் பனியில் சொய் சொய்யென்று விழுந்து புதைந்தன. அந்தச் சத்தம் கேட்டு எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"டெல்பர்ட்ட கூப்பிட்டுக் காட்டணும்" என்றேன்.

"நாளைக்குப் பாப்பான்" என்றார் உர்ஹோ.

துப்பாக்கியைக் காலிசெய்து, உறையில் போட்டு, அடுப்பில்லாத முன்கொட்டகையிலேயே மாட்டிவிட்டுத் தூங்கினேன்.

மறுநாள் சனிக்கிழமை. எங்களைப் போன்ற ஃபின்லாந்துக் கால்வழிக் குடும்பங்களில் புதனும் சனியும் சௌனா என்கிற ஆவிக்குளியல் நாள். உலகமே அழிந்தாலும் மதியத்துக்கு முன் சௌனா அடுப்பில் விறகு விழும். வெளியே போய்வந்ததும் உடம்பைக் காய்ச்சி எடுக்கத் தயாராக இருக்கும். உர்ஹோ காலையிலேயே அடுப்பை மூட்டி, கல் சூடானதா என்று பார்க்க இரண்டு செம்பு தண்ணீரும் எறிந்துவிட்டார். நான் துண்டுகளை எடுத்துக்கொண்டு சௌனாவின் உடை மாற்றும் அறைக்குப் போனேன்.

சுவரில், துண்டு மாட்டுகிற ஆணியில், என் துப்பாக்கி. உறையைக் கழற்றி மாட்டியிருந்தது. ஆவி அறை முழுக்கப் புழுங்கிக்கொண்டிருந்தது. குழலின் நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் தரையில் விழுந்தது. போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், விரல் நனைந்தது. இரும்பு முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது.

"உர்ஹோ."

நான் கத்தவில்லை. கத்தாமல் கூப்பிட்டால்தான் அவர் ஓடி வருவார்.

"இத இங்க யார் மாட்டினது?"

"நான்தான். கொட்டகையில குளிருதேன்னு."

"குளிருதேன்னா? அதுக்கென்ன சளியா பிடிக்கும்?"

"நீ கன்னத்துல வெச்சு சுடுவியே சைமி. இரும்பு தோலப் பிச்சுக்கிட்டு வந்துடும். அதான், கிளம்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் சூடு காட்டி வெப்பேன்."

"எவ்வளவு நாளா?"

"பனி விழுந்ததுல இருந்து. புதன், சனி. பயிற்சி நாள்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். சில்லிட்ட இரும்பை ஆவியில் கொண்டுபோய் மாட்டினால் அது சந்து பொந்தெல்லாம் ஈரத்தைக் குடிக்கும். அப்புறம் வெளியே கொண்டுபோனால் அந்த ஈரம் போல்ட்டின் தடத்திலும், தோட்டாவைக் குத்தி வெடிக்க வைக்கிற ஊசியின் துளையிலும் உறைந்து பனிக்கட்டியாகும். ஊசி நகராது; போல்ட் ஓடாது. நேற்று வெள்ளிக்கிழமை, சௌனா இல்லாத நாள், அதனால்தான் ஓடியது. எண்ணெயும் தோட்டாவும் கால்பங்கு. முக்கால்பங்குக் குற்றவாளி எதிரில் ஈரத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

திட்ட வாயைத் திறந்தேன். அவர் என் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு கோபத்தைக்கூட ஒழுங்காகப் படமுடியாது.

"அந்த ஆல்கஹால எடுத்துட்டு வா" என்றேன். "பெட்ரோல் டாங்கியில தண்ணி உறையாம ஊத்துவியே, அது. அடுப்புப் பக்கம் போகாத. கொட்டகையில செய்வோம்."

போட்டிக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. குளிர் கொட்டகையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பிரித்தோம். அவர் பிடித்தார், நான் கழற்றினேன். போல்ட், சுருள், ஊசி ஒவ்வொன்றையும் ஆல்கஹாலில் முக்கி, உதறி, காட்டன் துணியால் துடைத்தேன். ஊசித் துளைக்குள் குழாய் துடைக்கும் கம்பியை விட்டு விட்டு எடுத்தேன். அது உலர்ந்த பிறகு கிராஃபைட் பொடி. எங்கள் இரண்டு பேருக்கும் மொத்தம் மூன்று கை. வேகமாகத்தான் செய்தோம்.

வண்டியில் துப்பாக்கியை என் காலடியில் வைக்கப்போனார் உர்ஹோ. "பின்னாடி" என்றேன். அவர் திறந்த பின்தட்டில் கித்தானில் சுற்றிக் கட்டினார்.

சங்கக் கூடாரத்தில் விறகடுப்பு முழங்கிக்கொண்டிருந்தது. எல்லார் ரைஃபிளும் அடுப்போரம் வரிசையாகச் சாய்ந்து குளிர்காய்ந்தன. நான் என்னுடையதை வெளியே, பனியில் நட்ட மரச்சட்டத்தில் நிறுத்தினேன். டெல்பர்ட் எட்டிப் பார்த்தான்.

"அது என்ன தப்பு பண்ணுச்சு, வெளியில நிக்க வெச்சிருக்க?"

"நல்லா வளத்த பிள்ள. கண்ட கூட்டத்துல சேராது."

"ஒரு தடவ, சைமி. ஞாபகம் இருக்கட்டும்."

எனக்கு மறக்குமா? முதல் வரிசைக்குப் போய் நின்றேன். சட்டைக்குள்ளிருந்து மேகஸினை எடுத்து மாட்டி, அக்குளில் இடுக்கிப் போல்ட்டை இழுத்துவிட்டேன். கன்னத்தை வைத்தேன். இரும்பு சுட்டது, ஆமாம், நெருப்பு மாதிரிச் சுட்டது. முதல் தட்டு விழுந்தது. கூடு தெறித்தது. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நிற்கவில்லை.

அடுத்தடுத்த வரிசைகளிலும் நிற்கவில்லை. எங்கள் அணியில் ஒருவனுக்குப் போல்ட் இறுகிப்போக, அதைக் காலால் மிதித்துத் திறந்தான். இன்னொருவனுக்கு டிக் சத்தம் மட்டும் வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் முன்னுக்கு வந்துவிட்டார்கள். கடைசி வரிசைக்கு நான் போய் நின்றபோது வெற்றி தோல்வி என் தோளில்தான் இருந்தது. அதைவிட, நான் நாளைக்குச் சுடுகிறவளா, காப்பி ஊற்றுகிறவளா என்பதும் அங்கேதான் இருந்தது.

காற்று பனித்தூளை முகத்தில் வாரி அடித்தது. தட்டு தெரியாமல் மூன்று குண்டை வீணாக்கினேன். அதற்கென்ன, இந்தத் துப்பாக்கிக்கு யாரும் போல்ட் இழுக்க வேண்டியதில்லை, சுட்டுக்கொண்டே இருக்கலாம். ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்றாவது ஆடிவிட்டு நின்றது, மறுபடி அடித்தேன், சாய்ந்தது. நான்கு. ஐந்தாவதற்கு ஒரு குண்டு தப்பியது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி விசையை அமுக்கினேன். தட்டு மல்லாந்தது. அதே நொடி போல்ட் பின்னால் போய் அங்கேயே நின்றுவிட்டது.

டெல்பர்ட்டின் கை மேலே போனது.

"நின்னுபோச்சு. லவெர்ன், எழுதிக்கோ, நின்னுபோச்சு. நான் சொன்னேன் இல்ல?"

நான் குழலைத் தட்டுகளின் பக்கமே வைத்தபடி அக்குளில் இடுக்கி, வலக்கையால் மேகஸினைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன். தலைகீழாகக் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. குனிந்து திறந்திருந்த போல்ட்டுக்குள் பார்த்தான். கவ்விய கூடு ஏதும் இல்லை. ஏறாத தோட்டா ஏதும் இல்லை. உள்ளே துடைத்து வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

"நின்னுபோகல டெல்பர்ட்" என்றேன். "தீந்துபோச்சு."

அவன் ஏரியைப் பார்த்தான். ஐந்து தட்டும் படுத்திருந்தன. பக்கத்து ஊர்க்காரர்களில் ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கைதட்டினார். லவெர்ன் எதையோ எழுதினாள், எழுதும்போது சிரித்தாள். டெல்பர்ட் மேகஸினை என்னிடம் நீட்டினான்.

"புதன்கிழம மூணு மணிக்கு" என்றான். "லேட்டா வராத."

எனக்கு அப்போது வந்த கர்வத்தை மறைக்க நான் முயலவில்லை. எதற்கு மறைக்க வேண்டும்? மேகஸினை வாங்குவதற்கு வலக்கையில் இடமில்லை, துப்பாக்கி இருந்தது. அத்தனை பேர் பார்க்க, இடது கையை நீட்டி, இரண்டு விரலால் வாங்கிக்கொண்டேன்.