பூங்காவிலிருந்து நகர்ந்த பெட்டி

மாநகரக் காற்றில் கலந்திருந்த ஓசோன் மாசு, அரசின் அயராத முயற்சியால் சட்டம் வகுத்த வரம்புக்குள் அடங்கிவிட்டது என்பதை மக்கள் அனைவருக்கும் பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோர் இனி அச்சமின்றி மூச்சு விடலாம். இதுவரை அச்சத்தோடு விட்ட மூச்சுகளுக்காக அரசு வருந்துகிறது.

கடைசி வாக்கியத்தை மட்டும் இயக்குநர் அடித்துவிட்டார். "வருத்தமெல்லாம் எதுக்குய்யா? எவனாவது கேஸ் போட்டுருவான்" என்றார். மற்றபடி அறிக்கை பிரமாதம் என்று எழுதியவரின் முதுகில் தட்டினார்.

எழுதியவர் காற்றுத் தரப் பிரிவின் துணை இயக்குநர். அலுவலகத்தில் அவருக்கு மூக்கு சார் என்று பெயர். ஊர்க் காற்றை முகர்ந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்பது ஒரு காரணம். அவருடைய மூக்கும் அந்தப் பதவிக்கென்றே வளர்ந்தது போலிருக்கும் என்பது இன்னொன்று. ஓசோன் விஷயத்தில் அந்தக் கட்டடத்தில் அவருக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. நடந்த அவமானம் முழுவதும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது. தெரியாதவர் செய்திருந்தால் தப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

ஓசோன் ஆகாயத்தின் உச்சியில் இருந்தால் நமக்குக் குடை. தரைக்கு வந்துவிட்டால் நெஞ்சுக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும். அது எந்தக் குழாயிலிருந்தும் நேரடியாக வருவதில்லை. வண்டிப் புகையும் பெட்ரோல் ஆவியும் பெயிண்ட் வாடையும் வெயிலில் சேர்ந்து வேகும்போது உண்டாவது. உச்சிப் பொழுது தாண்டிய பிறகுதான் அது முழு வீரியத்துக்கு வரும். கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே அதை ஒழித்துவிட்டதாக அறிவிப்பது சுலபம்.

சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. நகரின் நடுவே உள்ள பூங்காவில் ஓர் அளவுப் பெட்டி. அது காட்டும் எண் வரம்பைத் தாண்டிக்கொண்டே போனால் பெயிண்ட் ஆலைகள் ஆவியைப் பிடித்து அடைக்க வேண்டும், பெட்ரோல் பங்குகள் குழாய்களை மாற்ற வேண்டும், பாதிக் கார்கள் வீட்டிலேயே நிற்க வேண்டும். ஒவ்வொரு நாளும் அந்த எண்ணைப் பார்த்துக் காற்றுத் தரப் பிரிவு ஒரு நிறம் சொல்லும். பள்ளிகள் அந்த நிறத்தில் வாசலில் கொடி ஏற்றும். சிவப்பு என்றால் பிள்ளைகளை மைதானத்தில் விடக்கூடாது.

அந்தக் கோடையில் கொடி சிவப்பாகவே இருந்தது. பெயிண்ட் ஆலைக்காரர்கள் அமைச்சரைப் பார்த்தார்கள். அமைச்சர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மூக்கு சாரைக் கூப்பிட்டார்.

"ஏதாவது பண்ணுய்யா."

"ஆலைகளுக்கு நோட்டீஸ் ரெடியா இருக்கு சார். கையெழுத்து போட்டீங்கன்னா அனுப்பிடலாம்."

"நான் ஏதாவது பண்ணுன்னு சொன்னேன். இதைப் பண்ணுன்னு சொன்னேனா?"

மூக்கு சாரின் பதவி உயர்வுக் கோப்பு அதே மேஜையின் இடது ஓரத்தில் கிடந்தது. இயக்குநரின் முழங்கை அதன் மேல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

"சார், பெட்டிய வேணா இடம் மாத்தலாம்."

"எங்க? ஏதாவது மலை உச்சியிலயா? பத்திரிகைக்காரன் கிழிச்சுத் தொங்க விட்டுருவான்."

"இல்ல சார். பெரிய சந்திப்புக்கு. பஸ் டிப்போ வாசல்ல."

இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு வெயில்ல ஏதாவது ஆயிருச்சா? ஊர்லயே கரி அப்புற இடம் அது."

மூக்கு சார் விளக்கினார். வண்டிக் குழாயிலிருந்து சுடச்சுட வரும் புகைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் இருக்கும் ஓசோனை அதுவே தின்றுவிடும். புகை அதிகமுள்ள சந்திப்பில் ஓசோன் குறைவாகத்தான் காட்டும். காற்று அந்தப் புகையை ஊருக்கு வெளியே தள்ளிக்கொண்டு போய், அது அங்கே ஆற அமர வெந்த பிறகுதான் ஓசோன் ஏறும். அங்கே பெட்டி கிடையாது.

இயக்குநர் எழுந்து வந்து மூக்கு சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படிச்சவன் படிச்சவன்தான்யா!"

அந்த வார்த்தை மூக்கு சாரின் காதில் வசவாக விழுந்தது. ஆனாலும் சிரித்தார்.

பெட்டியை நகர்த்த ஒரு காரணம் வேண்டும். பூங்காவில் ஒரு மரத்தின் கிளை பெட்டிக்கு மேல் நீண்டிருந்தது. கிளை நிழலடித்தால் அளவு பிசகலாம் என்று விதியில் ஒரு வரி உண்டு. கிளையைக் கொஞ்சம் கழித்தால் போதும். ஆனால் மரங்களின் மேல் கை வைப்பதில்லை என்ற உயர்ந்த கொள்கையை அந்த ஒரு நாள் மட்டும் அரசு கடைப்பிடித்தது. பெட்டி நகர்ந்தது.

சந்திப்பில் விழா எடுத்தார்கள். பஸ்கள் உறுமிக்கொண்டு திரும்ப, அமைச்சர் ஒலிபெருக்கியில் முழங்கினார். "நாங்க எதையும் மறைக்கலை! ஊர்லயே புகை அதிகமான இடத்துல பெட்டிய வெச்சிருக்கோம்! இந்தத் துணிச்சல் யாருக்கு வரும்?" இவ்வளவும் சொல்லிவிட்டுக் கைக்குட்டைக்குள் நெடுநேரம் இருமினார். பத்திரிகைக்காரர்கள் கைதட்டினார்கள். நேர்மையான அதிகாரி என்று மூக்கு சாரின் படம் மறுநாள் வந்தது. அவர் மனைவி அதைக் கத்தரித்து வரவேற்பறையில் மாட்டினார். மூக்கு சார் அதன் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

வீடு ஊருக்கு வெளியே இருந்தது. மரங்கள் அடர்ந்த, சுத்தமான காற்று என்று விளம்பரம் பார்த்து வாங்கிய வீடு. நகரத்துக் காற்று மதியத்தில் அந்தப் பக்கமாகத்தான் வரும் என்பது வாங்கும்போதே அவருக்குத் தெரியும். அப்போது கொடி இருந்தது, சட்டம் இருந்தது, தானும் இருந்தார்.

மகள் வீட்டுக்கு அருகிலிருந்த பள்ளியின் ஓட்டக்காரி. அதே பள்ளியில் மனைவியின் தம்பி பி.டி. மாஸ்டர். விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே தூங்குவான் என்று அக்காவே கேலி செய்வார்.

"அத்தான், உங்களுக்குக் கோயில் கட்டணும்" என்றான் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில். "பெட்டி மாறினதுலேர்ந்து ஒரு நாள் சிவப்பு இல்ல. மத்தியானம் முழுக்கப் புள்ளைங்கள விரட்டுறேன். உங்க பொண்ணு பறக்குறா."

"இருமுறாளே" என்றார் அக்கா.

"அது தூசி, அக்கா."

"தூசிதான்" என்றார் மூக்கு சார், தட்டைப் பார்த்தபடி.

"பல்லிய நெனச்சாத்தான் மாமா கவலையா இருக்கு" என்றாள் மகள், வாயில் சோறுடன். பல்லி என்பது அவள் தோழி. சுவரில் ஒட்டினால் தெரியாத அளவுக்கு ஒல்லி. சாக்ஸுக்குள் இன்ஹேலரைச் செருகிக்கொண்டு ஓடுகிறவள். "நேத்து ரெண்டு தடவை அடிச்சுக்கிட்டா. ஆனா பச்சைக் கொடிதானேன்னு சொல்றா. அவங்க அம்மாவும் தினமும் கொடியப் பார்த்துட்டுத்தான் விடுறாங்க."

மூக்கு சார் தண்ணீர் கேட்டார். அவர் முன்னாலேயே தண்ணீர் இருந்தது.

பள்ளியின் விளையாட்டு விழா வந்தது. நேர்மைக்குப் பேர்போன அதிகாரி ஊரிலேயே இருக்கும்போது வேறு யாரைத் தலைமை தாங்கக் கூப்பிடுவார்கள்? நெடுந்தூர ஓட்டம் காலையில் நடப்பதாக இருந்தது. ஆனால் அன்று காலை விழாத் தலைவரான மூக்கு சாருக்கு, தலைநகரத்திலிருந்து வந்த குழுவுக்குப் பெட்டியைச் சுற்றிக் காட்டும் வேலை. "தலைவர் கொடியசைச்சாத்தான் கௌரவம்" என்று மைத்துனன் ஓட்டத்தை மதியத்துக்குத் தள்ளி வைத்தான்.

மைதானத்தில் வெயில் வெள்ளையாக நின்றது. வானத்தில் நீலம் இல்லை, பால் கலந்த சாம்பல்தான். நகரத்திலிருந்து லேசான காற்று வந்துகொண்டிருந்தது. பள்ளி வாசலில் பச்சைக் கொடி அசையலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல் தொங்கியது. மேடையில் மாலையோடு உட்கார்ந்திருந்த மூக்கு சார், பைக்குள் இருந்த கையடக்க அளவுக்கருவியைச் சட்டைக்கு மறைவில் எடுத்துப் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம். சிவப்பு என்று சொல்லும் எண்ணையெல்லாம் அது எப்போதோ தாண்டியிருந்தது.

கருவியைத் திரும்பப் பைக்குள் போட்டார். எழுந்து ஒலிபெருக்கியில் ஒரே வார்த்தை சொன்னால் போதும். நிறுத்துங்கள். ஏன் என்று கேட்பார்கள். அதற்குத்தான் பதில் நீளம்.

மைத்துனனைச் சைகையால் கூப்பிட்டார்.

"மாப்ளே, பாப்பாவ ஓட விடாதே. காலையிலேர்ந்து காய்ச்சல் அவளுக்கு."

"என்ன அத்தான் சொல்றீங்க? இப்பத்தான் அங்க குதிச்சிட்டிருந்தா."

"சொன்னாக் கேளு."

மகளைக் கோட்டிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவள் முகம் சிவந்திருந்தது. "எனக்கு எங்கப்பா காய்ச்சல்? நீங்களே தொட்டுப் பாருங்க."

அவர் தொட்டுப் பார்க்கவில்லை. "அம்மா பக்கத்துல போய் உக்காரு."

"எல்லாரும் ஓடுறாங்கப்பா. என்னை மட்டும் ஏன்?"

மைதானம் முழுக்கப் பெற்றோர்கள். முன் வரிசையிலிருந்து பல்லியின் அம்மா, தலைவருக்கு மரியாதையாக ஒரு வணக்கம் வைத்தார். மூக்கு சாரும் வைத்தார். பிறகு பச்சைக் கொடியை உயர்த்தி அசைத்தார்.

பிள்ளைகள் ஓடினார்கள். முதல் சுற்றில் கைதட்டல். அடுத்த சுற்றில் சிலர் நடந்தார்கள். கடைசி வளைவில் பல்லி நின்றாள், குனிந்தாள், சாக்ஸைத் துழாவினாள். இன்ஹேலர் விரலுக்குச் சிக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவள் மூச்சு இழுக்கும் சத்தம் மேடை வரைக்கும் கேட்டது என்று மூக்கு சார் பின்னால் நினைத்துக்கொண்டார். அவ்வளவு தூரத்துக்கு அது கேட்டிருக்க முடியாது.

எல்லாருக்கும் முன்னால் ஓடிப் போனவள் அவருடைய மகள்தான். காய்ச்சல்காரி அத்தனை வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. சாக்ஸிலிருந்து இன்ஹேலரை உருவி வாயில் வைத்து அழுத்தினாள். பிறகு பல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். கூப்பிடுவதற்கான பார்வை இல்லை அது.

பல்லி பிழைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் பேச்சு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அம்மா மூக்கு சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க இவ்வளவு பெரிய ஆளு, வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறீங்களே சார்" என்று அழுதார். "கொடி பச்சைன்னு பார்த்துட்டுத்தான் சார் அனுப்பினேன். என் மேலதான் தப்பு. முன்னாடியே ரெண்டு நாளா இழுத்துட்டுத்தான் இருந்தா."

"உங்க மேல தப்பு இல்லம்மா" என்றார் அவர். அதற்கடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் கைகளை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது மைத்துனன் மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், கொடி பச்சைதானே?"

"பச்சைதான்."

"அப்ப ஏன் பாப்பாவ எடுக்கச் சொன்னீங்க?"

மகளும் நின்று அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சாவியைத் தேடினார். சாவி மனைவியின் கையில் இருந்தது, அவருக்கும் அது தெரியும்.

கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மைத்துனன் போய்விட்டான். சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவனை அக்கா கூப்பிடவில்லை. அது அந்த வீட்டில் இதுவரை நடந்ததில்லை.

உள்ளே போனதும் தொலைபேசி அடித்தது. அலுவலகத்தில் பணியில் இருந்த பையன். வழக்கமான சம்பிரதாயம்தான். மறுநாள் நிறத்துக்குத் துணை இயக்குநர் வாயால் ஒப்புதல் வேண்டும். எண் என்னவாக இருந்தாலும் சந்தேகம் வந்தால் சிவப்பு சொல்லும் அதிகாரம் அவருக்குச் சட்டத்திலேயே இருந்தது. அந்த வரியை எழுதியவர்களுக்கு அதிகாரிகள் மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது.

"சார், சந்திப்புல இன்னிக்கு அளவு ரொம்ப அருமை. டைரக்டர் சார் உங்ககிட்ட வாழ்த்து சொல்லச் சொன்னார். உங்க ஃபைல்ல கையெழுத்து போட்டுட்டாராம்."

மூக்கு சார் ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டார். மகள் மாடிப்படியில் உட்கார்ந்து ஓட்டக் காலணியின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது.

"சார்? லைன்ல இருக்கீங்களா? நாளைக்கு என்ன கொடி சார்?"

"பச்சை" என்றார்.

முடிச்சிலிருந்து கையை எடுத்து மகள் மேலே போனாள். கதவு சத்தம் போடாமல் சாத்திக்கொண்டது. அறைந்து சாத்தியிருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது.

மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தார். சுவரில் படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"என்னங்க" என்றார் அவர், திரும்பாமலே. "இப்ப ஜன்னலைத் திறந்து வெக்கட்டுமா, மூடட்டுமா? ஆபீஸ்ல சொன்னதச் சொல்ல வேண்டாம். எனக்குச் சொல்லுங்க."

மூக்கு சார் அந்த ஆணியைப் பார்த்தார்.

"மூடிடு" என்றார்.

அன்று மாநகரின் ஓசோன் அளவு வரம்புக்குள் இருந்தது.