பேசாத கருவிகள்

“வாங்கின கம்பெனியை எல்லாம் எங்கப்பா வெப்பீங்க?” என்று மகள் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டாள். கம்ப்யூட்டருக்குள் என்று சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். இப்போது அவள் கல்லூரியில் படிக்கிறாள். அவரிடம் இன்னும் அந்த ஒரு பதில்தான் இருக்கிறது.

அவர் வேலை செய்த தொலைபேசி நிறுவனம் பதினைந்து ஆண்டுகளில் ஏழு சின்ன கம்பெனிகளை வாங்கியிருந்தது. லாரி எங்கே நிற்கிறது என்று சொல்லும் கருவி, தண்ணீர் மீட்டர், மருந்துக் கிடங்கின் குளிரைப் பார்த்துக்கொள்ளும் கருவி என்று எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சிம் கார்டு இருந்தது. வாங்கிய கருவிகளைப் பெரிய நிறுவனத்தின் கணக்கில் கொண்டுவந்து சேர்ப்பது அவர் பொறுப்பு. யாரோ பேசி முடித்த சம்பந்தத்தில் மூட்டை முடிச்சுகளைப் பிரித்து அடுக்குகிறவர் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சம்பந்தி என்று பெயர். முதல் இரண்டு கம்பெனி வரை அவரும் சிரித்தார்.

ஏழாவது, கேஸ் கசிந்தால் செய்தி அனுப்பும் சமையலறைக் கருவி செய்கிற கம்பெனி. பெரும்பாலும் தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகள். செய்தி வந்ததும் மூன்று பெண்கள் இருந்த ஒரு பிரிவு அந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் செய்யும். மூவரில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் திரையைக் காட்டினார். தொண்ணூறு நாள் பேசாத கருவி செத்த கருவி. அதன் சிம்மைத் துண்டிக்க வேண்டும். லாரிக் கம்பெனியை வாங்கியபோது போட்ட விதி அது.

“நானூத்திப் பன்னெண்டு செத்துக் கிடக்கு. உசிரோட இருக்கிறது இருபத்தொம்பது. அதுக்கு மூணு பேரா? என்ன சம்பந்தி, பொண்ணைச் சரியாப் பார்க்கலையா?”

“சாகலைங்க,” என்றார் அக்கா. “கேஸ் கசியலை, அதான் பேசலை. அது பேசினாத்தான் நாம பயப்படணும்.”

“மூணு மாசம் பேசலைன்னா என்னக்கா அர்த்தம்?”

“எங்க வீட்டுக்காரர் கூடத்தான் இருபது வருசமாப் பேசலை. வேளாவேளைக்குச் சாப்பிட வந்துடறாரே.”

எல்லோரும் சிரித்தார்கள். மேலாளரும் சிரித்தார். பட்டியல் மட்டும் மாறவில்லை.

“உசிரோட இருக்குன்னு திங்கக்கிழமை காலையில காட்டுங்க, வெச்சுக்கலாம். இல்லைன்னா சிம்மும் போகும், பிரிவும் போகும்.”

“கருவியை ஒவ்வொண்ணாக் கம்ப்யூட்டர்ல கூப்பிட்டா அதுவே பதில் சொல்லிடும். ஆனா என் பாஸ்வேர்டைப் புதன்கிழமையே மூடிட்டீங்களே,” என்றார் அக்கா.

மேலாளர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வராந்தாவில் அக்கா அவரிடம் வந்தார். “சார், உங்களால ஏதாவது பண்ண முடியுமா?”

“பார்க்கலாம்மா,” என்றார். அந்த அலுவலகத்தில் முடியாது என்பதற்கு அதுதான் சொல். அக்கா தலையாட்டிவிட்டுப் போனார்.

அக்காவிடம் சொல்ல அவருக்கு வேறொன்று இருந்தது. பட்டியலில் இருநூற்று ஏழாவது எண் அவருடைய அண்ணனின் வீடு. மனைவியை இழந்தவர், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு மூக்கில் வாசனையே தெரியாதவர். நான்கு வருடம் முன்பு ஒரு மதியம் அந்தக் கருவி பேசியது. கண்ணாடியை எடுக்காமல் வரமாட்டேன் என்று அடம்பிடித்த மனிதரை அந்தப் பிரிவிலிருந்து ஒரு பெண் போனிலேயே மிரட்டித் தெருவுக்குக் கொண்டுவந்து, தீயணைப்பு வண்டி வரும்வரை நாற்பது நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். “என்ன திட்டு திட்டினாடா, நம்ம அம்மா தோத்தா,” என்றார் அண்ணன். அந்தப் பிரிவைக் கூப்பிட்டு நன்றி சொல்ல வேண்டும் என்று இவர் நினைத்தார். வேலை வந்தது, மறந்தது, பிறகு வெட்கமாகிவிட்டது. இந்த வாரம் பட்டியலைத் திறந்தபோது அந்த எண்ணுக்குக் கீழே அக்கா எழுதி வைத்திருந்த குறிப்பு கண்ணில் பட்டது. ‘பிடிவாதக்காரர். பாவம், தனி ஆள். மாதம் ஒருமுறை சும்மா விசாரிக்கவும்.’

விசாரித்திருக்கிறார்கள். நாற்பத்தெட்டு தேதிகள் வரிசையாக இருந்தன. தம்பியாகிய தான் அத்தனை முறை விசாரித்ததில்லை என்று அவருக்குத் தெரியும். கடவுள் சில வேலைகளை நமக்குத்தான் கொடுக்கிறார். நாம் செய்யாதபோது கோபிக்காமல் வேறு யாரிடமோ கொடுத்துவிடுகிறார்.

சனிக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பினார். “உங்களை அந்தக் கம்பெனிக்கே கட்டிக் கொடுத்திருக்கலாம்,” என்றாள் மனைவி.

விடுமுறை நாளில் அங்கே ஏசி ஓடாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு முதல் எண்ணை அழைத்தார். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு திரையில் ஒரே ஒரு வரி: நலம், பேட்டரி பாதி. அடுத்தது. எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் அழைக்கப் பழைய கம்ப்யூட்டரில் வழியில்லை. மாலைக்குள் இருநூற்று இருபது முடிந்தது. முதுகு வலித்தது. ஞாயிறு பிரார்த்தனை முடித்து மறுபடி வந்தார்.

முப்பத்தெட்டு கருவிகள் பதில் சொல்லவில்லை. அவற்றையும் உயிரோடு என்று எழுதிவிடலாம், கேட்பார் இல்லை. அவர் எழுதவில்லை. அந்த வீடுகளுக்குப் போன் செய்தார். பலருக்கு பேட்டரி தீர்ந்திருந்தது. ஒரு வீட்டில், “அவர் போயி ஆறு மாசம் ஆச்சுங்க. உங்க கம்பெனி அக்கா அப்பவே பேசினாங்களே,” என்றாள் ஒரு பெண். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

நான்கு மணிக்குப் பட்டியலை ஏற்றினார். உயிருள்ளவை: நானூற்று மூன்று. அந்தப் பிரிவின் பெயருக்கு எதிரே ‘மூட வேண்டியது’ என்றிருந்தது தானாகவே ‘தொடரும்’ என்று மாறியது. அடியில், சரிபார்த்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நிரப்பியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அதைக் காலியாக விட்டுவிட்டு, ஜன்னலைச் சாத்தினார். லிஃப்ட் ஓடாததால் படிக்கட்டில் மெதுவாக இறங்கினார்.