அய்யம்மாள் துடுப்புப் போட்ட கதை

1

இந்தக் கதை என் முதுகுவலியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிவகாசியிலிருந்து சூலக்கரைக்குத் தினமும் பஸ்ஸில் போய், கலெக்டர் ஆபீஸ் நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்து, மறுபடி பஸ்ஸில் வந்தால் ஐம்பத்திரண்டு வயதில் முதுகு சும்மா இருக்குமா? 2008-ல், தவுபிக் என்ற பிசியோதெரபிஸ்ட் புதிதாகத் திறந்திருந்த இடத்துக்குப் போனேன். அங்கே ஒரு துடுப்பு மெஷின் இருந்தது. மதுரையில் மூடிவிட்ட ஏதோ ஒரு ஓட்டலில் இருந்து அவருடைய மாமா யாகூப் பிடித்துக்கொண்டு வந்தது. நீளமாக ஒரு இரும்புச் சட்டம், அதன்மேல் முன்னும் பின்னும் உருளும் சீட்டு, எதிரே கூண்டுக்குள் ஒரு விசிறி, அதைச் சுற்றவைக்கும் சங்கிலி, சங்கிலி நுனியில் கைப்பிடி. எங்கள் மாவட்டத்துக்குப் பொருத்தமான படகுதான், தண்ணீர் கேட்காது. நான் போனபோது அதில் அய்யம்மாள் உட்கார்ந்திருந்தார்.

2

முதல் வரியை நாலு தடவை எழுதினேன்.

"கடலையே பார்த்திராத அந்தக் கண்கள்..." (அடித்துவிட்டேன். அவர் திருச்செந்தூருக்கு வருஷம் தவறாமல் போகிறவர்.)

"உழைத்து உழைத்துத் தேய்ந்த கைகள்..." (தேயவெல்லாம் இல்லை. என் கையைவிடக் கெட்டி.)

"விதி அவரை ஒரு" (இதைப் பாதியிலேயே விட்டேன். விதி எங்கே வந்தது? மினிபஸ் படிக்கட்டில் கால் வழுக்கியது, அவ்வளவுதான்.)

ஆகவே நேராகச் சொல்கிறேன். அய்யம்மாள், வயது ஐம்பத்து நாலு, நாரணாபுரத்துக்காரர். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருபத்தெட்டு வருஷமாகப் பட்டாசு வேலை. கணுக்கால் முறிந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டுப் போட்டிருந்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். வேனிலிருந்து இறங்கி, கெந்திக் கெந்தி, மூச்சு இரைக்க நடந்து வந்தவரை போர்மேன் உக்கிரபாண்டி வழியிலேயே நிறுத்திவிட்டார்.

"யக்கா, ஓட முடியாதவுகளை ரூம்ல உக்கார வைக்க முடியாது. நீங்க வாசல்ல தடுக்கி நின்னா உள்ள இருக்க மூணு பேரும்ல போயிருவாக? கால் சரியாகி, ஓடிக் காமிச்சிட்டு வாங்க."

(அடிக்குறிப்பு மாதிரி: ஒரு அறையில் நாலு பேர்தான் உட்காரலாம். பக்கத்துக்குப் பக்கம் வாசல். காற்றுக்காக வைத்ததல்ல.)

அவர் சொன்னது அய்யம்மாளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. நடந்தால் கணுக்கால் வீங்குகிறது, நடக்காவிட்டால் மூச்சு இரைக்கிறது. உட்கார்ந்தபடியே காலுக்கும் மூச்சுக்கும் வேலை கொடுக்கத்தான் தவுபிக் அவரைத் துடுப்பில் ஏற்றினார்.

3

முதல் நாள் அவர் சட்டத்தின்மேல் உள்ளங்கையை வைத்து ஒரு நிமிஷம் நின்றார். "தொட்டுக் கும்பிட்டார்" என்று என் நோட்டில் எழுதிவைத்தேன். தப்பு. கம்பெனியில் அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்க அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். அந்தப் பழக்கம். மகள் பாண்டிச்செல்வி கொடுத்தனுப்பிய சுடிதாரையும் நைலான் என்று ஒதுக்கிவிட்டு, நூல் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பாதத்தை மெஷினோடு கட்டுகிற பட்டையை மட்டும் இறுக்கவே விடவில்லை.

"முதல்ல காலால உந்துங்க, அப்புறம் முதுகு, கடைசியாத்தான் கை," என்றார் தவுபிக்.

அய்யம்மாள் இழுத்தார். தூங்குகிற பிள்ளையின் தலைக்கடியில் இருந்து தலையணையை உருவுவது போல இழுத்தார். விசிறி அசையவில்லை. சின்னத் திரையில் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். பத்து நாள் இப்படியே போனது. தெம்பு இல்லை என்று நினைத்த தவுபிக், தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னார்.

"அம்மா, கொஞ்சம் பலமா இழுங்களேன்."

"பலமா இழுத்தா உரசுதே தம்பி."

"உரசட்டும்மா, அதுக்கென்ன?"

அய்யம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். கிணற்றடியில் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளைப் பார்க்கிற பார்வை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. உரசினால் பொறி பறக்கும் என்று அந்த அறைகளில் எதையும் தரையோடு இழுக்க மாட்டார்கள். தட்டோ பெட்டியோ, தூக்கித்தான் வைக்க வேண்டும். இருபத்தெட்டு வருஷம் எதையும் உரசவிடாமல் உயிரோடு இருந்த உடம்பிடம், சங்கிலியை வெடுக்கென்று இழு என்றால் எப்படி இழுக்கும்?

4

இந்த இடத்தில் ஒரு எழுச்சியான காட்சியை எழுதியிருந்தேன். தவுபிக் அரைப்பக்கம் பேசுகிறார், "அச்சம் என்பது" என்று ஆரம்பித்து. அய்யம்மாளுக்கே அதைப் படித்துக் காட்டினேன்.

"இந்தப் பிள்ள இம்புட்டு எங்க சார் பேசுச்சு? நான் ஒரு வாளித் தண்ணியும் சாக்கும் கேட்டேன், அதுவே குடுத்துச்சு. அதை எழுதுங்க."

எழுதுகிறேன். சாக்கை நனைத்து மெஷினுக்கு அடியில் அவரே விரித்தார். வாளியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார். குனிந்து சங்கிலியை மோந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து காலால் உந்தி, முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் இழுத்தார்.

விசிறி உர்ரென்று உறுமியது. அடுத்த நொடி கைப்பிடி கூண்டில் போய் மோதியது. சீட்டில் ஆள் இல்லை. "ஓடுங்க சார்! ஓடுங்க!" என்று என் தோளில் ஓங்கி ஒரு அடி, திரும்பிப் பார்த்தால் அய்யம்மாள் வாசலைத் தாண்டி, செருப்புகளைத் தாண்டி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிரஸ் வாசலில் நிற்கிறார்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தேன். இதைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அவர் அங்கிருந்து தன் காலைக் குனிந்து பார்த்தார். பிறகு பிரஸ் ஆட்களெல்லாம் வேடிக்கை பார்க்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஓடிட்டேன்ல சார்!"

எனக்கு அழுகை வந்தது. எழுத்தாளன் அழக்கூடாது என்று சொல்கிறவர்கள் அன்று சிவகாசியில் இல்லை.

5

பிறகு அவர் சத்தம் போட்டே துடுப்புப் போட்டார். ஆவணி பிறப்பதற்குள் அரை மணி நேரத்தில் நாலு கிலோமீட்டர். "இன்னைக்குத் திருத்தங்கல் போய்ச் சேந்தாச்சு சார், நீங்க எங்கன இருக்கீக?" என்று கேட்பார். நான் பெரும்பாலும் சிவகாசி எல்லையையே தாண்டியிருக்க மாட்டேன்.

6

முடிவு அ: அய்யம்மாள் ஓடிக் காட்டி, வேலைக்குத் திரும்புகிறார். சுபம். (எழுதிவிட்டுக் கிழித்தேன். அந்த அறைக்குள் அவரை அனுப்ப என் பேனாவுக்கு மனசு வரவில்லை.)

முடிவு ஆ: காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில், மின்விசிறிக்கடியில், அவருக்குத் தாள் மடிக்கிற வேலை கிடைக்கிறது. இது எனக்குப் பிடித்திருந்தது. படித்துக் காட்டினேன்.

"உக்காந்து தாள் மடிக்கிறதுக்கு எதுக்கு சார் நான் ஓடப் படிக்கணும்?" என்றார். "நீங்க பயப்படுறது தெரியுது. எனக்கும் பயந்தான். பயந்தவதான் சார் ஓடுவா."

7

அவர் ஓடிக் காட்டப் போன திங்கள்கிழமை நானும் லீவு போட்டுவிட்டு, அவரோடு வேனில் போனேன். கம்பெனி கேட்டுக்கு உள்ளே என்னை விடவில்லை. கம்பி வழியாகப் பார்த்தேன். உக்கிரபாண்டி 'ஓடுங்க' என்று கையைத் தட்டினார். அறை வாசலில் இருந்து வேப்பமரம் வரை அய்யம்மாள் ஓடினார். நன்றாகவே ஓடினார். மரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கேட்டில் நின்ற எனக்கும் கேட்கிற குரலில் சொன்னார்:

"என்னைய ஓடவிட்டுப் பாத்தீக, சரி. மத்தவுகளை என்னைக்கு ஓடவிட்டுப் பாத்தீக?"

உக்கிரபாண்டி தலையைச் சொறிந்தார். பிறகு அறை அறையாகக் கூப்பிட்டார். பெண்கள் கேலியும் சிரிப்புமாக வந்து ஓடினார்கள். பாதிப் பேருக்கு வேப்பமரம் எட்டவில்லை. ஒருத்தி நடுவழியில் உட்கார்ந்தே விட்டாள். கடைசியாக எல்லாரும் சேர்ந்து போர்மேனை ஓடச் சொன்னார்கள். அவர் ஓடினார். முக்கால்வாசித் தூரத்தில் இடுப்பில் கையை ஊன்றி நின்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் நின்ற இடத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அய்யம்மாள் அவர் பக்கத்தில் போய், துடுப்புப் போடுவது போலக் கையை அசைத்துக் காட்டி ஏதோ சொன்னார்.

"சாயந்தரம் அந்தப் படகு எத்தனை மணி வரைக்கும் இருக்கும்க்கா?" என்று உக்கிரபாண்டி கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.

8

அப்புறம் அய்யம்மாள் எந்தப் பக்கம் நடந்தார், அறைக்கா, கேட்டுக்கா? நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: இருக்கிற இடத்தைவிட்டு எழுந்து, உங்கள் தெருவாசல் வரை ஒரே ஓட்டமாக ஓடிப்போய் நின்று, அங்கிருந்து சொல்ல வேண்டும். அவருக்காக முடிவு சொல்ல அதற்குக் குறைந்த தகுதி போதாது.

நானும் ஓடிவந்து எங்கள் வாசலில்தான் நிற்கிறேன். முடிவு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மூச்சு...