மூக்குக்காரரின் போர்வை

அண்ணன் பேசி முடித்துப் போனை வைத்த பிறகும் அவளுக்குக் குமட்டல் அடங்கவில்லை. யார் வீட்டு ஜன்னல் திரையோ மெஷினில் பாதி ஓடி நின்றிருந்தது. திரைச்சீலையும் மெத்தையுறையும் தைக்கிற சின்னக் கடை அவளுடையது. வாய் கசந்தால் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்கிறவள்தான். இன்று தண்ணீர் குடித்தும் கை மெஷினுக்குப் போகவில்லை.

"அப்பாவுக்கு எண்பது வருதில்ல பாப்பா, அம்மா புடவைங்களை வெட்டி ஒரு ஒட்டுப்போர்வை தைச்சுக் குடு. அவரே வாய்விட்டுக் கேட்டாரு. 'அவளைப் போர்த்திக்கிட்டுத் தூங்கணும்டா'ன்னாரு. எனக்கே கண்ணு கலங்கிருச்சு" என்று ஆரம்பித்திருந்தான் அண்ணன்.

"முடியாதுண்ணே. வேற எதையாவது வாங்கிக் குடு."

"ஏன், அம்மா உனக்கு மட்டும்தான் அம்மாவா? முடியலைன்னா சொல்லு. நாளைக்கே வந்து பெட்டியைத் தூக்கிட்டுப் போறேன். ஊர்ல தையக்காரங்களுக்கா பஞ்சம்?"

அவன் செய்துவிடுவான். பெட்டி அவள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அம்மா மிச்சம் வைத்துப் போனது அந்தப் புடவைகள் மட்டும்தான்.

அவளைப் போர்த்திக்கொண்டு! யார் சொல்வது என்று பாருங்கள். வாசனைத் திரவியக் கடையில் காலமெல்லாம் நின்று விற்றவர் அப்பா. தெருவே அவரை மூக்குக்காரர் என்றுதான் சொல்லும். அவருக்கும் அதில் பெருமை உண்டு. வீட்டுக்குள் கால் வைத்ததும் ஒரு மூச்சை இழுத்து, முகத்தைச் சுளித்து, "என்னடி நாத்தம்?" என்பார். அடுப்படியில் நிற்கிற அம்மா தன் கையைத் தானே முகர்ந்து பார்த்துக்கொள்வாள். அவள் துணிக்குத் தனி வாளி. காயப்போடக் கொல்லையில் தனிக் கொடி. அவர் சட்டையோடு அவள் புடவை ஒருநாளும் ஒன்றாக நனைந்தது கிடையாது. கடைசியில் அம்மா படுக்கையில் விழுந்தபோது வாசற்படியிலேயே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்று, "மருந்து குடிச்சாளான்னு கேளு" என்று மகளிடம் சொல்லி அனுப்புவார். இரண்டு எட்டு வைத்தால் கட்டில். அந்த இரண்டு எட்டு அவருக்குக் கடைசிவரை கூடிவரவில்லை.

அம்மா போய்ச் சேர்ந்த பிறகுதான் மனிதர் புருஷனாக மாறினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் ராசாத்தி போய்ட்டா" என்று உருகுவார். அண்ணன் நம்பினான். சின்ன வயதிலேயே விடுதிக்குப் போய்விட்டவன் அவன். வாளியையும் பார்த்ததில்லை, கொடியையும் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் பெட்டியை இழுத்துத் திறந்தாள். தைலமும் சோப்பும் கலந்த ஒரு வாடை மெல்ல எழுந்தது. எத்தனை சோப்புப் போட்டிருப்பாள் பாவி, தன் மேல் இல்லாத நாற்றத்தைக் கழுவ! சாம்பல் நிறப் புடவை ஒன்றை எடுத்து மேசையில் விரித்துக் கத்தரிக்கோலை வைத்தாள். வெட்டினால் இது அவர் நெஞ்சு வரை போகும். தாடையில் படும். தூக்கத்தில் அவர் எச்சில் இதில் ஒழுகும். உடம்பு கூசியது. மடித்து உள்ளே வைத்துப் பூட்டினாள்.

கடைக்குப் பின்னால் பழந்துணிக் கிடங்கு ஒன்று உண்டு. மெஷின் துடைக்க, எண்ணெய் வழிக்க என்று பட்டறைக்காரர்கள் அங்கே மூட்டையாக வாங்கிப் போவார்கள்.

"என்னக்கா, நீங்களும் பட்டறை போட்டுட்டீங்களா?" என்று கிடங்குக்காரர் சிரித்தார்.

"ஆமா, ஒரு பழைய இன்ஜினைத் துடைக்கணும்" என்றாள்.

குவியலில் கையை விட்டபோது பிசுபிசுவென்று எதுவோ பட்டது. எலி மூத்திர நெடி. அக்குள் பக்கம் வெளுத்த ரவிக்கைகள், யாரோ வாந்தியைத் துடைத்துப் போட்ட முந்தானை. மூச்சை அடக்கிக்கொண்டு, அம்மா கட்டியிருக்கக்கூடிய நிறமாகப் பார்த்துப் பொறுக்கினாள். யார் யார் வீட்டுப் பெண்களோ. அவர்களுக்கும் தனி வாளி இருந்ததோ என்னவோ. ஊறவைத்து, அலசி, இஸ்திரி போட்டுக் கட்டம் கட்டமாக வெட்டினாள். நடுவில் பஞ்சு, அடியில் கெட்டித் துணி, மேலே நெருக்கமாக ஓட்டுத்தையல். அரைகுறையாகத் தைக்க அவள் கைக்குத் தெரியாது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இந்த மனிதருக்குப் போய் இத்தனை நேராக ஒரு தையல்!

பிறந்தநாளன்று அண்ணன் வீட்டுக் கூடம் நிறைய சொந்தக்காரர்கள். கேக்கை வெட்டி முடித்ததும் அண்ணன் போர்வையை விரித்து அப்பாவின் மடியில் போட்டான். அண்ணி ஓரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு அவள் காதருகே வந்தாள்.

"அத்தை இந்தப் பச்சையைக் கட்டி நான் பார்த்ததே இல்லையே?"

"அம்மாவை நீங்க எத்தனை தடவை பார்த்தீங்க அண்ணி?"

அண்ணி ஓரத்தை விட்டுவிட்டுக் கேக் தட்டை எடுக்கப் போனாள்.

அப்பா போர்வையை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். அந்த மூக்கு உள்ளே புதைந்து ஒரு நீள மூச்சை இழுத்தது. கண்டுபிடித்துவிடுவார், இதோ இப்போது முகத்தைச் சுளிக்கப்போகிறார்.

"அவ வாசனைடா!" அப்பாவின் குரல் உடைந்தது. "அப்படியே இருக்குடா, என் ராசாத்தி வாசனை!"

கூடமே மூக்கை உறிஞ்சியது. "குடுத்து வச்ச மகராசி" என்றாள் அப்பாவின் தங்கை. அண்ணன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

'அது இன்ஜின் துடைக்கிற துணிப்பா' என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. சொல்லிவிட்டால் எவ்வளவு நிம்மதி! சொன்னால் அண்ணன் இன்று இரவே பெட்டிக்கு வந்து நிற்பான். உதட்டை இறுகக் கடித்துக்கொண்டாள். அம்மாவின் வாசனை இன்னதென்று தெரிய ஒரு நாளாவது பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டுமே இந்த மனிதர்!

"பாப்பா, இங்க வா. அப்பா பக்கத்துல உக்காரு, ஒரு போட்டோ" என்று அண்ணன் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

உட்கார்ந்தாள். அப்பா போர்வையில் பாதியை இழுத்து அவள் தோளைச் சுற்றிப் போட்டார். அவர் முகம் பதிந்திருந்த இடம் சரியாக அவள் கழுத்தில் வந்து ஒட்டியது. கண்ணீரா, எச்சிலா, மூக்குச்சளியா, தெரியவில்லை. நசநசவென்று நனைந்திருந்தது. இன்னும் சூடாகவே இருந்தது.

"கொஞ்சம் சிரிங்க" என்றார் படம் எடுக்கிறவர்.