மூன்றாம் மாடியின் சுத்தத் தண்ணீர்

மெக்சிகோ நகரத்தின் குழாய்த் தண்ணீர் கிரிசெல்டாவுக்குப் பிடிக்காது என்று சொன்னால் போதாது. பிடிக்காது என்பதெல்லாம் சாதாரண மனிதர்களுக்கு. அவளுக்கு அந்தத் தண்ணீர்மேல் இருந்தது ஜென்மப் பகை. குழாயைத் திறக்கும்போதே முகத்தைச் சுளிப்பாள். பல் துலக்கக் கேன் தண்ணீர், கீரை அலசக் கேன் தண்ணீர், ஐந்து வயது மகள் ரெனாத்தாவைக் குளிப்பாட்டி முடித்ததும் தலையில் ஊற்றுகிற கடைசிச் செம்பும் கேன் தண்ணீர்தான். லிஃப்ட் இல்லாத அந்தக் கட்டடத்தில் மூன்றாம் மாடிவரை கேன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன் அவள் கணவன் எவரார்தோ. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற மனிதன். அவன் முதுகைப் பற்றி அவள் ஒருநாளும் விசாரித்ததில்லை.

கட்டடத்தில் மற்றவர்களும் கேன் வாங்கத்தான் செய்தார்கள். ஆனால் கிரிசெல்டாவின் கணக்கில் அவர்கள் யாரும் தேறவில்லை. இரண்டாம் மாடிக்காரி கேன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் சோறு வடிக்கிறாள், ஆகவே அவள் முட்டாள். எதிர் வீட்டு வாத்தியார் கேனின் வாயைத் துடைக்காமல் கவிழ்க்கிறார், ஆகவே அவர் அழுக்கர். தரைத்தளத்து செனாய்தாவைப் பற்றிப் பேசவே வேண்டாம். குழாயில் பிடித்து, கொதிக்க வைத்து, ஆற்றி, அப்படியே குடிக்கிற பெண்பிள்ளை அவள். கட்டட வாசலில் அடுப்பைப் போட்டு, சோள அடைக்குள் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டு விற்கிற விதவை. கூடவே பிள்ளைத்தாய்ச்சி மகள் மாரிக்ரூஸ்.

"கொதிக்க வச்சா மட்டும் சாக்கடை சாமி தீர்த்தம் ஆயிருமா?" என்று படியில் இறங்கும்போது, கீழே கேட்கிற மாதிரி சொல்வாள் கிரிசெல்டா.

"எங்க வயித்துக்கு எல்லாம் பழகிப்போச்சு சென்யோரா. ஒங்க வயிறுதான் வெளிநாட்டு வயிறு!" என்று அடையைத் திருப்பிப் போட்டபடியே பதில் கொடுப்பாள் செனாய்தா.

கிரிசெல்டாவுக்குக் கேன்மீதும் முழு நம்பிக்கை கிடையாது. பிளாஸ்டிக்கில் தண்ணீர் நின்றால் விஷம் இறங்கும் என்று எங்கேயோ படித்திருந்தாள். அதனால் கேன் வந்தவுடன் அதை ஒரு பெரிய மண்பானையில் ஊற்றிவிடுவாள். கல்யாணத்தின்போது மலைப்பக்கத்துச் சந்தையில் அவளே பேரம் பேசி வாங்கிய பானை அது. உள்ளும் புறமும் பச்சைப் பளபளப்பு. எட்டிப் பார்த்தால் முகம் தெரியும். மண் குளிர்ச்சி, மண் இயற்கை, மண்ணில் விஷம் ஏது? அதோடு விட்டாளா? மிச்சம் மீதி கிருமி இருந்தால் செத்துத் தொலையட்டும் என்று ஆறேழு எலுமிச்சையைப் பிழிந்து, சர்க்கரை போட்டுக் கலக்கி, மரமூடியால் மூடிவைப்பாள். எலுமிச்சை பட்டால் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பதில் அந்த ஊரில் யாருக்குமே சந்தேகமில்லை. நண்டு முதல் மாங்காய்வரை எலுமிச்சையை நம்பித்தானே தின்கிறார்கள்! ரெனாத்தா காலை முதல் படுக்கப் போகும்வரை அந்தப் பானைத் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். எவரார்தோ கடையிலேயே சோடா குடித்துக்கொள்வான். கிரிசெல்டாவுக்கோ காப்பியே போதும். பானை மொத்தமும் பிள்ளைக்குத்தான்.

ரெனாத்தாவின் பிறந்தநாளன்று கட்டடம் முழுக்க வந்திருந்தது. கிரிசெல்டா பானையைக் கூடத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, "ஆயுசுல ஒரு நாளாச்சும் சுத்தமான தண்ணி குடிங்க" என்று எல்லோருக்கும் மொண்டு கொடுத்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாங்கிக் குடித்தவர்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்தப் பிறந்தநாளுக்குப் பிறகு ரெனாத்தா வாடத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். தட்டை நகர்த்தி வைத்தாள். முகம் வெளுத்துப்போனது. மழலைப்பள்ளி ஆசிரியை கிரிசெல்டாவைத் தனியாகக் கூப்பிட்டு, "முன்னெல்லாம் கலர் பேரெல்லாம் கடகடன்னு சொல்லுவாம்மா. இப்ப மஞ்சளைக் காட்டினா முழிக்கிறா" என்றாள். கிரிசெல்டாவுக்கு வயிற்றில் நெருப்பு விழுந்தது. ஒரே பிள்ளை. மூன்று முறை கலைந்து, நான்காவதாகத் தங்கிய பிள்ளை.

நெருப்பு விழுந்த இடத்தில் யோசனை முளைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிரிசெல்டாவுக்கு முளைத்தது குற்றவாளி. ஒருநாள் செனாய்தாவின் அடுப்படியில் ரெனாத்தா குவளையும் கையுமாக நின்றதை அவளே கண்ணால் பார்த்திருந்தாள். அங்கேயே பிள்ளையின் கன்னத்தில் அறைந்து மேலே இழுத்துப் போயிருந்தாள். போதாததற்கு, மொட்டைமாடித் தொட்டிகளைப் பூட்டிவைத்திருக்கும் கம்பிக்கூண்டின் சாவியும் செனாய்தாவிடம்தான். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊரே கடற்கரைக்குப் போனபிறகு தொட்டிகளைக் கழுவுவது அவள் பொறுப்பு.

"இவ தொட்டியக் கழுவுற லட்சணம் எனக்குத் தெரியாதா? உள்ள புறா செத்துக் கெடக்கும். தெறந்து காட்டச் சொல்லுங்க!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். கட்டடமே கூடிவிட்டது.

செனாய்தா கையை இடுப்புத் துணியில் துடைத்தாள், சாவியை எடுத்தாள், ஏறினாள். மாரிக்ரூஸும் வயிற்றைத் தாங்கியபடி பின்னாலேயே வந்தாள். கறுப்புத் தொட்டி ஒவ்வொன்றாகத் திறந்தது. வாத்தியார் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

"அடி தெரியுதும்மா. என் வீட்டுக் குளியலறையவிடச் சுத்தமா இருக்கு" என்றார்.

"வெஷம் கண்ணுக்குத் தெரியுமா?" என்றாள் கிரிசெல்டா.

"அப்ப எதுக்கு எங்கள மூணு மாடி ஏற வச்சீங்க? கண்ணுக்குத் தெரியாததக் கீழ நின்னே பாத்திருக்கலாமே" என்றாள் மாரிக்ரூஸ். எல்லோரும் சிரித்தார்கள். எவரார்தோவும்தான். அவன் அன்றிரவு சாப்பாட்டை அடுக்களையில் நின்றபடியே முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

பிள்ளைகளுக்கான மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் இளம் டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"ரத்தத்துல காரீயம் கலந்திருக்கு."

"நான் சொன்னேன்ல!" கிரிசெல்டா மேஜையைத் தட்டினாள். குரலில் துக்கத்தைவிட வெற்றிதான் அதிகமாக இருந்தது. "குழாயி! பழைய குழாயி! இந்த ஊர்த் தண்ணிய மனுஷன் குடிப்பானா? நான் ஒரு சொட்டுக்கூடக் குடுத்ததில்ல டாக்டர். பல்லு தேய்க்கக்கூடக் குடுத்ததில்ல."

டாக்டரம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். "குழாய்த் தண்ணி ஒரு சொட்டுக்கூடக் குடுக்கலன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் அது எப்படிக் குழாயால வந்திருக்கும்?"

கிரிசெல்டா மேஜைமேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"சரி, கேன் தண்ணிய எதுல ஊத்தி வைப்பீங்க?"

"மண்பானைல. பிளாஸ்டிக்கெல்லாம் எங்க வீட்ல ஆகாது."

"பளபளன்னு இருக்குமா?"

"நல்ல பானை டாக்டர். மட்டமான சாமான் நான் வாங்கமாட்டேன்."

"புளிப்பா ஏதாச்சும் சேப்பீங்களா? எலுமிச்ச?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எவரார்தோதான் மெதுவாக, "தினமும்" என்றான்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அந்தப் பளபளப்புலதான் காரீயம் இருக்கு. சும்மா அலமாரில வச்சிருந்தா ஒண்ணும் பண்ணாது. புளிப்பு பட்டா கரைஞ்சு எறங்கிரும். நீங்க தினமும் புழிஞ்சு, கரைச்சு, மொண்டு குடுத்திருக்கீங்க. இன்னிக்கே நிறுத்துங்க. மருந்து தரேன், அளவு எறங்கும். கொஞ்சம் காலமாகும். வீட்ல வேற யாரும் அந்தப் பானைத் தண்ணியத் தொடக் கூடாது. வயித்துல புள்ளையோட இருக்கறவங்க கிட்டயே போகக் கூடாது." எழுந்தவர் நின்று, "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. பானைத் தண்ணி மட்டுமே குடிச்ச புள்ளைக்கு இன்னும் எக்கச்சக்கமா ஏறியிருக்கணும். இவளுக்கு அவ்வளவு இல்ல. ஏதோ நல்ல நேரம்" என்றார்.

நல்ல நேரமாம். தன் கண்டிப்புதான் காப்பாற்றியது என்று வீடு வரும்வரை கிரிசெல்டா மனதைத் தேற்றிக்கொண்டாள். அப்படித் தேற்றிக்கொள்ளவும் ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

பானையை உடைத்தால் சத்தம் கேட்கும், யாராவது என்னவென்று கேட்பார்கள். குப்பை வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு வரும்போது கொடுக்கலாம். ஆனால் மணி கேட்டதும் கட்டடமே வாளியும் பையுமாகத் தெருவில் நிற்கும். பிறந்தநாளன்று கூடத்தில் கொலுவிருந்த பானையை அத்தனை பேர் முன்னால் குப்பையில் போடுவதா? அதைவிட அவள் மாடியிலிருந்தே குதித்துவிடுவாள். அதனால் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்த நேரம் பார்த்து, பானையைப் பழைய துண்டில் சுற்றிக் கீழே கொண்டுபோய், மரத்தடியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஏறிவந்தாள். தெருவில் வைத்தது தெருவுக்குத்தான் சொந்தம். எவனாவது எடுத்துக்கொண்டு போகட்டும். யார் எடுப்பார்கள், எடுத்து என்ன செய்வார்கள் என்ற கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் ரெனாத்தாவைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வந்தாள். நல்ல வெயில். கட்டட வாசலில் செனாய்தாவின் அடுப்பைச் சுற்றி வாத்தியார், இரண்டாம் மாடிக்காரி, இன்னும் நாலு பேர். அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் பச்சையாக ஏதோ மின்னியது.

பானை. அதே பானை. உள்ளே எலுமிச்சைத் தோல் மிதந்தது. மாரிக்ரூஸ் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கரண்டியில் மொண்டு குவளையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களாக்கா எங்க அதிர்ஷ்டத்த! நேத்து மத்தியானம் யாரோ மரத்தடில வச்சிட்டுப் போயிட்டாங்க. இப்பதான் கழுவி மொத தடவ கலக்குனோம்" என்றாள் மாரிக்ரூஸ்.

"ஒங்க பானை மாதிரியே இருக்குன்னு நான்தான் சொன்னேன். ஒங்க பானையா இருந்தா தெருவுல வைப்பீங்களா?" என்று செனாய்தா சிரித்தாள். அது யாருடைய பானை என்று அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. "நாங்களும் சுத்தமான தண்ணி குடிச்சுப் பாக்கறோம் சென்யோரா. ஒங்க வாயாலதான சொன்னீங்க."

மாரிக்ரூஸ் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

பேசாமல் படியேறிப் போயிருக்கலாம். ஒரு குவளையில் என்ன ஆகிவிடும், சாயங்காலமாகத் தனியாக ஏதாவது சொல்லிப் பானையை வாங்கிவிடலாம் என்றுகூட கிரிசெல்டாவுக்கு மனதில் ஓடியது. அவள் அப்படிப்பட்டவள்தான். ஆனால் கண் அந்த வயிற்றின்மேல் போய் நின்றது. மூன்று முறை வெறுமையான வயிறு அவளுடையது.

"குடிக்காத!" என்று பாய்ந்து குவளையைத் தட்டிவிட்டாள். எலுமிச்சைத் தண்ணீர் அடுப்பில் சிந்திப் புஸ்ஸென்று புகைந்தது.

"என்னடி இது அநியாயம்!" செனாய்தாவின் குரல் தெருவுக்கே கேட்டது. "நீ தூக்கிப் போட்டதக்கூட நாங்க தொடக் கூடாதா? நாங்க குடிச்சா ஒன் பானைக்கு மானம் போயிருமா?"

"அதுல காரீயம் இருக்கு." கிரிசெல்டா பானையைக் காட்டினாள். "பானைலதான். அந்தப் பளபளப்புல. எலுமிச்ச போட்டா எறங்குதாம். ரெனாத்தாவுக்கு வந்தது அதாலதான். குழாயில இல்ல. தொட்டியில இல்ல. நான்தான் குடுத்தேன். நாந்தான் எம் புள்ளைக்கு..."

வாத்தியார் கையிலிருந்த குவளையைப் பார்த்தார். மெதுவாக நடைபாதையில் கவிழ்த்தார். இரண்டாம் மாடிக்காரி ஏதோ சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். இத்தனை வருஷமாக அவள் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் சொல்ல இதைவிட நல்ல தருணம் வாய்த்திருக்காது.

செனாய்தா பானையைத் தூக்கிச் சாக்கடை ஓரம் சாய்த்தாள். பிறகு நடைபாதை விளிம்பில் ஓங்கி ஒரு போடு. பச்சைச் சில்லுகள் நாலாபக்கமும் தெறித்தன.

"தெருவுல வைக்கறதுக்கு முன்னாடி இதச் செஞ்சிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அந்தப் பார்வை, அழுகிய தக்காளியை ஒதுக்கி வைக்கும்போது அவள் பார்க்கிற பார்வை. கிரிசெல்டா இத்தனை நாளாக மற்றவர்களைப் பார்த்து வந்ததும் அப்படித்தான்.

"அம்மா, தாகமா இருக்கு" என்றாள் ரெனாத்தா.

கிரிசெல்டா பதில் சொல்வதற்குள் பிள்ளை அவள் கையை உதறிவிட்டுச் செனாய்தாவின் அடுக்களைக்குள் போய்விட்டாள். யாரையும் கேட்கவில்லை, எங்கேயென்று தேடவும் இல்லை. அங்கே சுவரில் மற்றக் குவளைகளெல்லாம் மேலே தொங்கின. ஒன்று மட்டும், ஒரு சின்ன அலுமினியக் குவளை, ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டுகிற உயரத்தில் தனி ஆணியில் தொங்கியது. ரெனாத்தா அதை எடுத்தாள், ஆறவைத்திருந்த பாத்திரத்தின் மூடியை நகர்த்தினாள், மொண்டாள். கை பழகியிருந்தது.

கொதிக்கவைத்த குழாய்த் தண்ணீர்.

குவளையை வாயருகே கொண்டுபோனவள் அம்மாவைப் பார்த்துவிட்டாள். கண்ணை இறுக மூடி, அறை வாங்கத் தயாராகக் கன்னத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிரிசெல்டா வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே கால் வைக்கும் யோக்கியதை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"குடிம்மா" என்றாள்.