ஓடைத் துறையில் மூங்கில்

வேடியப்பன் ஓட்டுகிற ஜீப்பையும் ஊர் ஓடையில்தான் கழுவுவார்கள். அதனால், அங்கே வண்டி கழுவக்கூடாது என்று காசியம்மாள் வாயைத் திறந்தபோது, முதல் சிரிப்பு அவள் வீட்டுக்குள்ளேயே கேட்டது. சிரித்தவன் அவள் புருஷன் வேடியப்பன்.

வெள்ளிமலையைத் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்தில் அவர்கள் ஊர். அங்கேதான் ஜீப் ஸ்டாண்டு, அதை ஒட்டி அங்கன்வாடி, பின்னால் ஓடை. காலையில் ஆள் நிறையும்வரை வண்டிகள் உறுமிக்கொண்டே நிற்கும். டீசலில் பாதி மண்ணெண்ணெய். கரும்புகை அங்கன்வாடி ஜன்னலுக்குள் போகும். காசியம்மாளின் மகள் உட்பட எல்லாப் பிள்ளைகளும் இருமிக்கொண்டேதான் பாட்டுப் பாடும். சந்தைக்கு ஆடு ஏற்றிப்போன வண்டிகள் சாயங்காலம் ஓடைக்குள் இறங்கும். புழுக்கையும் எண்ணெயும் சோப்பு நுரையும் கீழே போகும். கீழே பெண்கள் குடம் முக்குவார்கள்.

அந்த வருஷம் மழைக்குப் பிறகு பிள்ளைகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. வெள்ளிமலையில் தண்ணீர்ப் பரிசோதனை வகுப்பு நடத்தினார்கள். மகளிர் குழுவிலிருந்து காசியம்மாள் போனாள். மருந்து போட்ட சின்னப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தால், கெட்ட தண்ணீர் கறுப்பாகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். வண்டி கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் பிடித்துவந்து வீட்டுப் பரணில் வைத்தாள். மறுநாள் கீழ்த்தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது. மேல்தண்ணீர் அப்படியே இருந்தது.

இரண்டையும் ஸ்டாண்டுக்கு எடுத்துப்போனாள். டிரைவர் சங்கத் தலைவர் கண்ணாயிரம் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓடை இன்னா உங்கப்பன் வெட்டுனதா?"

"எங்கப்பன் வெட்டலைங்க. எங்க புள்ளைங்க குடிக்குது."

"குடிக்காத. வேற தண்ணி பாத்துக்க."

மறுநாள் விடிந்ததும் காசியம்மாளும் குழுப் பெண்களும் மூங்கில் வெட்டி, வண்டிகள் இறங்குகிற ஓடைத் துறையில் குறுக்கே நட்டு, கொடியால் இறுக்கிக் கட்டினார்கள். சாயங்காலம் வந்த வண்டிகள் இறங்க வழியில்லாமல் நின்றன. மூங்கிலைப் பிடுங்க வந்தவர்கள் முன்னால் குழுவில் ஒருத்தியான ஆயம்மாள் கைக்குழந்தையோடு உட்கார்ந்தாள், மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஒருவரும் எழவில்லை.

"அப்டியா? இந்த ஊருப் பொம்பளைங்கள எந்த வண்டியும் ஏத்தாது. நடந்தே சாவுங்க" என்றார் கண்ணாயிரம்.

நடந்தார்கள். சாமை மூட்டையும் புளிக்கூடையும் தலையில் வைத்து, மலைச்சரிவில் வெள்ளிமலைச் சந்தைவரை நடந்தார்கள். கால் வெடித்தது. இரண்டு பேர் பாதியில் திரும்பிவிடலாமா என்று கேட்டார்கள். "திரும்புங்க, தப்பில்ல" என்று சொல்லிவிட்டுக் காசியம்மாள் நடந்துகொண்டே இருந்தாள். அவர்களும் திரும்பவில்லை. ராத்திரியில் வேடியப்பன் முகம் கொடுக்காமல் சுவர்ப்பக்கம் படுத்துக்கொள்வான். அது அவளுக்குக் கால்வலியைவிடப் பெரிதாக வலித்தது. ஆனாலும் மறுசந்தைக்கு மூட்டை கட்டினாள்.

அந்தச் சந்தையன்று, வளைவு ஒன்றில் வேடியப்பனின் ஜீப் பின்னாலிருந்து வந்து அவள் பக்கத்தில் நின்றது. பெண்களை ஏற்றாததால் உள்ளே ஒரு ஆள்கூட இல்லை.

"ஏறு. நீ மட்டும் ஏறு. யாரும் பாக்கல."

"யாரும் பாக்காம ஏறவா இம்மாந்தூரம் நடந்துக்கினு கீறோம்? மொதல்ல இஞ்சின அணை. ஆயம்மா மூச்சு வுட முடியாம நிக்கிறா பாரு."

அணைத்தான். புகை மெல்லக் கலைந்தது. பின்னால் ஆயம்மாள் மூட்டையை இறக்கிவைத்து, குழந்தையைத் தோளில் சாய்த்து இருமிக்கொண்டிருந்தாள். அந்த இருமலை வண்டி ஓடுகிற சத்தத்தில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"எல்லாரையும் ஏத்துனா ஏறுறேன்" என்றாள் காசியம்மாள். "அதுவும் நீ மண்ணெண்ணெ ஊத்துறத நிறுத்தணும். அங்கன்வாடி முன்னால வண்டிய உறும வுடக்கூடாது."

"டீசல் வெல தெரியுமாடி உனுக்கு?"

"தெரியாது. நம்ம புள்ள இருமுறது தெரியும். நீ தெனம் சுவரப் பாத்துப் படுக்கறியே, அப்பவும் அது இருமிக்கினுதான் கீது."

வேடியப்பன் இறங்கி, ஆயம்மாளின் மூட்டையைத் தூக்கிப் பின்னால் வைத்தான்.

வெள்ளிமலையில் பெண்கள் கூட்டமாக இறங்குவதைப் பார்த்த கண்ணாயிரம் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். "சங்கத்த வுட்டுத் தூக்கிடுவேன்டா."

"தூக்கிக்கண்ணே" என்றான் வேடியப்பன். "காலி வண்டி ஓட்டத்துக்கு சங்கம் எதுக்கு? நீயுந்தான காலியா ஓட்டிக்கினு கீற."

சுற்றி நின்ற டிரைவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். அன்று மாலையே இன்னும் இரண்டு வண்டிகள் பெண்களை ஏற்றிக்கொண்டன. மாதம் முடிவதற்குள் ஸ்டாண்டு ஊருக்கு வெளியே புளியமரத்தடிக்குப் போனது, ஓடையில் வண்டி இறங்குவதும் நின்றது. வேடியப்பன் மண்ணெண்ணெய் ஊற்றுவதை நிறுத்தினான், கள்ளக்குறிச்சிக்குப் போய் மெக்கானிக்கிடம் வண்டியைச் சரிசெய்து வந்தான். புகை அடியோடு நிற்கவில்லை, குறைந்தது.

கண்ணாயிரம் மட்டும் மசியவில்லை. தன் வண்டியைப் பக்கத்து ஊர் ஓடையில் இறக்கிக் கழுவ ஆரம்பித்தார். அந்த ஊர்ப் பெண்கள் சொல்லியனுப்பிய அன்றே காசியம்மாள் மூங்கில் வெட்டுகிற கொடுவாளை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"இப்ப எங்க கெளம்பிட்ட? சோறு?" என்றான் வேடியப்பன்.

"சாமை பானையில கீது. அடுப்பு அங்க கீது" என்று சொல்லிவிட்டு, ஆயம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தாள்.