நீலக்கொடி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் இரண்டே காலுக்குக் கணினியில் கார் பந்தயம். ஐலா ஒன்றரைக்கே மாடியறையில் போய் உட்கார்ந்துவிட்டாள். மேசை விளிம்பில் இறுக்கிய ஸ்டீயரிங், காலடியில் பெடல்கள், எதிரே ஒரு திரை. எல்லாம் அவள் கணவன் கார்த் ஓட்டித் தேய்ந்தவை. கிறிஸ்துமஸுக்குத் தனக்குப் புதியது வாங்கிக்கொண்டபோது பழையதைத் துடைத்து, ரிப்பன் கட்டி மனைவிக்குக் கொடுத்தான். நாம் இருவரும் சேர்ந்து செய்ய ஒன்று கிடைத்தது என்றான். சேர்ந்து என்றால் அவன் கீழே பேஸ்மென்டில், நீராவிக் குளியலுக்கான சானா அறைக்குப் பக்கத்தில், அவள் மாடியில். நடுவில் சமையலறை.

இத்தனை வாரம் அவள் தன்னைப் போன்ற புதியவர்களோடு ஒரே வகை வண்டிகளில் ஓட்டிப் பழகினாள். இன்று முதல்முறையாகக் கலப்புப் பந்தயம். ஒரே தடத்தில் இரண்டு வகை வண்டிகள். கார்த் ஓட்டுவது புரோட்டோடைப்; தரையோடு தரையாகப் பறக்கும். ஐலாவின் ஜிடி அதைவிடக் கனமானது, மெதுவானது. இரு வகைக்கும் தனித்தனி வெற்றி, தனித்தனி தோல்வி. ஆனால் வேகமானவை மெதுவானவற்றைத் திரும்பத் திரும்பத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

அவள் மனம் முழுவதும் அதில் இல்லை. தண்டர் பே துறைமுகத்துத் தானியக் கிடங்கில் வேலை பார்க்கும் கார்த்துக்கு வெகுதொலைவில் மேற்குக் கரையில், பிரின்ஸ் ரூபர்ட்டில், மேற்பார்வையாளர் வேலை கொடுக்கிறார்கள். ஏப்ரலில் போய்ச் சேர வேண்டும். நாளை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். புதன்கிழமை சாப்பிடும்போது சொன்னான். "உனக்குச் சரின்னா சரி" என்றாள் ஐலா. அவன் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான். வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? அவள் சொன்னது அதுதான்.

ஐலா வேலை பார்க்கும் நகராட்சியின் செடி வளர்ப்புக் கண்ணாடிக் கூடத்தில் அந்த வாரம்தான் பெட்டூனியாப் பூ விதைத்திருந்தாள். மூச்சு விட்டால் பறந்துவிடும் விதை. வெகுகாலம் அடுத்தவர் போட்ட திட்டத்துக்கு நாற்று வளர்த்தவளுக்கு, இந்த ஆண்டு ஏரிக்கரைப் பூங்கா முழுவதையும் உன் இஷ்டப்படி நடு என்று கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் புதன்கிழமை அவள் மீன் வறுத்தாள். கார்த் முந்திக்கொண்டான்.

முதலில் ஒரு சிறிய பந்தயம், இடைவேளைக்குப் பிறகு பெரியது. சிறியதில் ஐந்தாவது சுற்றில் திரையின் மூலையில் நீலக்கொடி தெரிந்தது. பின்னால் வேகமான வண்டி வருகிறது. திரையில் தெரியும் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். மஞ்சள் மூக்கு, கார்த். அவன் தன் வகையில் முதலாவதாக வந்துகொண்டிருந்தான். வலப்பக்க வளைவு நெருங்கியது. ஐலா வழக்கமாக இடது ஓரத்திலிருந்துதான் அதில் திரும்புவாள். இப்போது அவனுக்கு வழி விட வலப்புறம் ஒதுங்கினாள். அவன் அவளைத் தாண்ட ஏற்கெனவே அதே வலப்புறம் நுழைந்திருந்தான். மஞ்சள் வண்டி சுழன்று சுவரில் போய் மோதியது.

ஹெட்போனில் எல்லோருடைய குரலும் கேட்கும். சட்பரி ஊரிலிருந்து ஓட்டும் டீக் சொன்னான், "கார்த், இன்னிக்கு உனக்குப் படுக்கை சானாவுலதான்."

கார்த் கோபிக்கவில்லை. புதுசுதானே, போகட்டும் என்றான். அது அவளுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பந்தயங்களை நடத்துகிறவள் யிவெட். மாங்டனில் இருக்கிறாள், ஒரு காலத்தில் நெடுந்தூர லாரி ஓட்டியவள். பந்தயம் முடிந்ததும் கூப்பிட்டாள்.

"ஐலா, ஏம்மா ஒதுங்கின?"

"வழி விட்டேன்."

"யாரு கேட்டா?"

"நீலக்கொடி காட்டுச்சே."

"பின்னாடி ஆள் வருதுன்னு காட்டும். அவ்வளவுதான். ஒதுங்குன்னு அதுக்கு அர்த்தமில்ல. நீ எப்பவும் போற வழியிலயே போ. நீ எங்க இருப்பேன்னு வர்றவனுக்குத் தெரிஞ்சா போதும். சுத்திப் போறது அவன் பாடு."

"விடு யிவெட்" என்றான் டீக். "நம்ம கூட்டத்துல மரியாதை தெரிஞ்ச ஆள் ஒண்ணாவது இருக்கட்டும்."

"அந்த மரியாதைதான் இப்ப செவத்துல கிடக்கு."

இடைவேளையில் ஐலா சமையலறைக்கு இறங்கினாள். கார்த் நின்றபடியே, ரோஜா நிறச் சர்க்கரைப் பூச்சு போட்ட பெர்ஷன் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். மீசையில் பூச்சு ஒட்டியிருந்தது. போனில் பிரின்ஸ் ரூபர்ட் வீடுகளைக் காட்டினான். எல்லாப் படங்களிலும் மழை. ஒரு வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது, உனக்காகத்தான் அதைப் பார்த்து வைத்தேன் என்றான். உண்மையாகத்தான் சொன்னான். அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். புல்லும் ஒரு வேலியும். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் தண்ணீர் குடித்துவிட்டு மேலே போனாள்.

பெரிய பந்தயத்தில் நீலக்கொடி சீக்கிரமே வந்தது. மஞ்சள் மூக்கு கண்ணாடி நிறைய வந்து நின்று விளக்கை மினுக்கியது. அவள் கைகள் தாமாகவே ஸ்டீயரிங்கைத் திருப்பப் பார்த்தன. பிடித்து நிறுத்தினாள். எப்போதும் பிரேக் பிடிக்கும் இடத்தில் பிடித்தாள். எப்போதும் திரும்பும் இடத்தில் திரும்பினாள். அடுத்த வளைவிலும் அப்படியே. விளக்கு மறுபடி மினுக்கியது. அவன் நேரம் அவளால் வீணாகிக்கொண்டிருந்தது. நேர்ச்சாலை வந்ததும் மஞ்சள் வண்டி இடப்பக்கம் விலகி, அவளை உரசாமல் தாண்டிப் போய்விட்டது.

அவ்வளவுதான். ஒன்றும் ஆகவில்லை.

இன்னொரு முறை வந்தான், போனான். வேறு சிலரும் வந்தார்கள், போனார்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அவள் கண்ணாடியைத் தேவைக்கு மட்டுமே பார்த்தாள். முன்னால் ஒரு பச்சை ஜிடி போய்க்கொண்டிருந்தது. அது அவள் வகை. அதைப் பிடிக்க முடியும் என்று தோன்றியது. பிடிக்க முடியவில்லை, ஆனால் கடைசிச் சுற்றுவரை அதன் பின்னாலேயே போனாள்.

கார்த் இரண்டாவதாக வந்தான். எல்லோரும் அவனைக் கிண்டல் செய்தார்கள். அவன் சிரித்தான்.

"ரோட்டு நடுவுல மூஸ் மான் நின்னா என்ன பண்ண முடியும்? ஹாரன் அடிச்சாலும் அசையல என் பொண்டாட்டி."

"அடுத்த வாரம் மூஸ் நமக்கு முன்னாடி வந்து முடிக்கும், பாரு" என்றாள் யிவெட்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஹெட்போனில் அவர்கள் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். கார்த்தின் குரல் காதில் ஒரு தரமும், படிக்கட்டு வழியாக மங்கலாக இன்னொரு தரமும் கேட்டது. இன்று நல்ல நாள் என்றான். சானாவைச் சூடு பண்ணவா என்று கேட்டான். அந்த வேலைக்கான பதிலை நாளைவரை ஏன் வைத்திருக்க வேண்டும், எழுதித் தயாராக இருக்கிறது, இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்றான்.

ஜன்னலுக்கு வெளியே பனி அள்ளும் வண்டி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு கார் காத்திருந்து காத்திருந்து வந்தது.

"அனுப்பாத, கார்த்."

கீழே நாற்காலி கிரீச்சிட்டு நின்றது.

"ஏன்? எழுத்துப்பிழை ஏதும் இருக்கும்னு பாக்கிறியா?"

"இல்ல. எனக்கு வர இஷ்டமில்ல. புதன்கிழமையே சொல்லியிருக்கணும், சொல்லல. பூங்காவை இந்த வருஷம் என்கிட்ட கொடுத்திருக்காங்க. நான் இங்கதான் இருப்பேன். நீ என்ன பண்ணப் போற?"